பழைய பேனல் டிரக்கைக் கையில் எடுப்பவர்களுக்கு

டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலைக்கு வந்து தங்கிவிட்ட நம் பிள்ளைகளில் சிலருக்குப் பழைய வண்டிப் பித்து பிடித்திருக்கிறது. நல்ல பித்துதான், குறை சொல்ல மாட்டேன். ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் டிரீம் குரூஸைப் பார்த்துவிட்டு நேரே என் பட்டறைக்கு வருவார்கள். "அங்கிள், இது மாதிரி ஒண்ணு பண்ணணும்" என்று போனில் படம் காட்டுவார்கள். பாதிப் பேர் காட்டுவது ஒரே வண்டியைத்தான்: செவர்லே 1947 கோடையில் கொண்டுவந்து 1955 தொடக்கம் வரை செய்த, உருண்டை மூக்குக்காரப் பேனல் டிரக்.

பேனல் டிரக் என்றால் பிக்கப் சேஸிஸின் மேல் மூடிய தகரக் கூடு. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. பின்னால் இரண்டு கதவு. ரொட்டிக் கடை, சலவைக் கடை, பூக்கடை, குழாய் ரிப்பேர்க்காரர் என்று சாமானை நனையாமல் கொண்டுபோக வேண்டிய எல்லோரும் இதைத்தான் வைத்திருந்தார்கள். 1961-இல் ஃபோர்டு எகோனோலைனும் 1964-இல் செவர்லேயின் சொந்த வேனும் வந்தபின் இதன் பிழைப்பு போயிற்று. 1970-ஓடு செவர்லே பேனல் டிரக்கை நிறுத்திவிட்டது. தெருவில் கொஞ்சம்தான் மிச்சம்.

இந்த உடம்புக்குள் இன்றைய எஞ்சின், இன்றைய பிரேக், இன்றைய ஸ்டியரிங் வைத்து ஓட்டுவதுதான் உங்கள் ஆசை. அதற்காகச் சில சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: எஞ்சின் பேச்சைப் பிரேக்கும் ஸ்டியரிங்கும் முடிந்தபின்தான் எடுப்பேன்.

1. வாங்கும்போது வண்டியைப் பின்னாலிருந்து பாருங்கள். எல்லோரும் முன்னால் நின்று கிரில்லைப் பார்த்து மயங்குகிறார்கள். பானட், முன் மட்கார்டு, கிரில், டேஷ்போர்டு எல்லாம் பிக்கப்புக்கும் இதற்கும் பொது. அவை புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன, காசு கொடுத்தால் வீட்டுக்கு வரும். பின்கதவு, நீளமான பக்கத் தகடு, கூரை ஆகிய மூன்றும் பிக்கப்பில் இல்லாதவை. அவை கெட்டிருந்தால் இன்னொரு பேனல் டிரக்கைத் தேடிப் பிடித்து அறுக்க வேண்டும், அல்லது நல்ல டிங்கர் கையால் தட்டி எடுக்க வேண்டும். அதனால் பின்கதவின் அடிவிளிம்பு, மழைநீர் ஓடும் கூரை விளிம்பு, பக்கத் தகடு தரையைத் தொடும் இடம் ஆகியவற்றில் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் பட்டி கனமாக அப்பியிருக்கிறது என்று பொருள். பிறகு உள்ளே ஏறிச் சரக்கு வைக்கும் இடத்துப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். அந்தத் தரை மரம். மரம் ஈரம் பிடித்து வைத்திருந்தால் அதன் கீழிருக்கும் இரும்புக் குறுக்குச் சட்டங்கள் போயிருக்கும். மிச்சிகன் வண்டிக்கு இது இரட்டைக் கவலை. இங்கே பனிக்காலமெல்லாம் ரோட்டில் உப்பு.

2. காகிதத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒரு சிறு தகடு இருக்கும், அதிலுள்ள எண்ணும் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சில மாநிலங்களில் அந்தக் காலத்தில் எஞ்சின் எண்ணை வைத்தே பத்திரம் எழுதினார்கள். அப்படிப்பட்ட வண்டியில் பழைய எஞ்சினைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டு, பிறகு ஆபீசில் போய் நின்று என்ன சொல்வீர்கள்? எஞ்சினில் கை வைக்குமுன் பத்திரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

3. ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த வண்டியில் எங்கே போகப் போகிறேன்? ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் கடை வரை என்றால் ஒரு வேலை. ஹைவேயில் குடும்பத்தோடு சிகாகோ என்றால் வேறு வேலை. எழுதிய தாளைப் பட்டறைச் சுவரில் ஒட்டுங்கள். பாகம் விற்கும் கடையின் விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாளையும் ஒரு முறை பாருங்கள்.

4. பிரேக்தான் முதல் வேலை. அதை முடிக்காமல் வேறெதிலும் இறங்காதீர்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்தபோது நாலு சக்கரத்திலும் டிரம். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை, அதுவும் கால் மிதிக்கும் பலகைக்குக் கீழே. ஒரு சக்கரத்தில் ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துப் பிரேக்கும் போய்விடும். பெடல் நேராகத் தரைக்கு இறங்கும். 1967 மாடல் முதல் அமெரிக்கக் கார்களில் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் வந்ததற்குக் காரணமே இதுதான். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. நீங்களும் முதல் காரியமாக அதை மாற்றுங்கள். கையில் காசு குறைவா? டிஸ்க் பிறகு போடலாம், இரட்டை மாஸ்டரைத் தள்ளிப் போடக் கூடாது.

முன்சக்கரத்துக்கு டிஸ்க் போடுவதற்கு இந்த வண்டியின் பழைய ஆக்ஸிலிலேயே பொருந்தும் கிட் கிடைக்கிறது. போட்டபின் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கடியில், டிஸ்க்கின் காலிப்பர் அளவுக்கோ அதற்கும் தாழ்வாகவோ இருக்கிறது. வண்டி நிற்கும்போது பிரேக் ஆயில் மெல்ல மாஸ்டருக்கே திரும்பி இறங்கிவிடும். அடுத்த நாள் காலையில் முதல் மிதி காலியாகப் போகும், இரண்டாம் மிதியில்தான் பிடிக்கும். ஆயில் கசிகிறதென்று நினைத்து எல்லா நட்டையும் முறுக்கிக்கொண்டிருப்பார்கள். கசிவு எங்கும் இருக்காது. குழாயில் ரெசிடுவல் வால்வு என்று விரல் நீளத்துக்கு ஒரு சாமான் போட வேண்டும், அவ்வளவுதான்: டிஸ்க் பக்கம் 2 பிஎஸ்ஐ, டிரம் பக்கம் 10 பிஎஸ்ஐ. மாற்றிப் போட்டுவிட்டால் டிஸ்க் பேட் எப்போதும் உரசி, சக்கரம் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். வாங்கியவுடனேயே வால்வின் மேல் மார்க்கர் பேனாவால் எண்ணை எழுதிவிடுங்கள்.

பூஸ்டர் இல்லாத பெடலுக்கு நெம்பு விகிதம் ஆறுக்கு ஒன்று, பூஸ்டர் உள்ளதற்கு நாலுக்கு ஒன்று என்பது பொதுக் கணக்கு. பழைய பெடலை அளக்காமல் பூஸ்டர் வாங்காதீர்கள்.

5. முன்பக்கத்தில் ஸ்டியரிங் ஆடுகிறது என்றவுடன் எல்லாவற்றையும் அறுத்துப் போடச் சொல்வார்கள். பொறுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஆடினால் இன்னொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். அப்போதும் ஆடினால் கிங்பின் போயிருக்கிறது. ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங்தான். கிங்பின், புஷ், பட்டை ஸ்பிரிங்கின் ஷேக்கிள் ஆகியவற்றைப் புதிதாக்கி, ரேடியல் டயர் போட்டு, அலைன்மெண்ட் பார்த்தால் பழைய ஐ-பீம் ஆக்ஸிலே மணிக்கு 55 மைலில் ஒழுங்காகப் போகும்.

ஹைவே வேண்டும் என்பவர்கள் மஸ்டாங் டூ கிட் போடுகிறார்கள். 1974 முதல் 1978 வரை வந்த அந்தச் சிறிய ஃபோர்டு காரை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை, அதன் முன் சஸ்பென்ஷனை மட்டும் பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். அடக்கமானது, ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், தனித்தனி சக்கர அசைவு. ஆனால் அது சின்னக் காருக்குப் பிறந்தது. பேனல் டிரக்கின் எடையைச் சொல்லி, அதற்கென்று கனத்த தகட்டில் செய்யும் கிட்டாகப் பார்த்து வாங்குங்கள். அதைச் சட்டத்தில் வெல்டிங் வைக்கும் வேலையை உங்கள் முதல் வெல்டிங்காகச் செய்யாதீர்கள். கைதேர்ந்த ஆளைக் கூப்பிடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பவரோடு நான் பேசுவதில்லை.

6. எஸ்-10 சேஸிஸ் மேல் உடம்பைத் தூக்கி வைக்கலாமா என்று கேட்பீர்கள். செவர்லேயின் எஸ்-10 சின்ன பிக்கப், 1982 முதல் 2004 வரை வந்தது. அதில் 117.9 அங்குலச் சக்கர இடைவெளி உள்ள வகை ஒன்று உண்டு. நம் பேனல் டிரக்கில் 3100 வரிசை அரை டன் வண்டிக்கு 116 அங்குலம். கிட்டத்தட்டச் சரிதானே என்று தோன்றும். பிரேக், ஸ்டியரிங், பின் ஆக்ஸில் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருத்திச் செய்யப்பட்டவை என்பது அதன் நல்ல குணம். ஆனால் உடம்பைத் தாங்கும் ஒவ்வொரு பிராக்கெட்டையும் நீங்களே செய்ய வேண்டும். அந்த இரண்டங்குலத்தை எங்காவது சரிக்கட்டாவிட்டால் சக்கரம் மட்கார்டின் நடுவில் நிற்காமல் வண்டி கோணலாகத் தெரியும். அந்தக் கோணல் பெயிண்ட் அடித்தபின்தான் கண்ணை உறுத்தும். சேஸிஸ் மாறினால் பத்திரத்திலும் கேள்வி வரும். முதல் வண்டிக்கு வேண்டாம். 3800 ஒரு டன் வண்டிக்கு 137 அங்குலம், அதற்கு இந்தப் பேச்சே இல்லை.

7. இப்போது எஞ்சின். 1953 வரை வந்தது 216 கன அங்குல, வரிசை ஆறு சிலிண்டர், சுமார் 90 குதிரைசக்தி. அதைக் கேவலமாகப் பேசுபவர்கள் உண்டு. நான் பேச மாட்டேன். ஆனால் அது எப்படி வேலை செய்கிறதென்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் கனெக்டிங் ராடு பேரிங் வைட் மெட்டல் வார்த்தது. ராடின் அடியில் சின்னக் கரண்டி போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அது சம்பில் உள்ள தொட்டி எண்ணெயை அள்ளி அள்ளித்தான் பேரிங்குக்குக் கொடுக்கிறது. அழுத்தத்தில் எண்ணெய் வருவதில்லை. மெதுவாக, கனமாக இழுக்க அருமையான ஏற்பாடு. ஆனால் 28 அங்குல டயரும் 4.11 பின் விகிதமும் வைத்து 60 மைலில் போனால் எஞ்சின் ஏறக்குறைய 2,950 சுற்று சுற்றும். மணிக்கணக்கில் அப்படிச் சுற்ற அது படைக்கப்படவில்லை.

முதல் படி, பெரும்பாலோருக்குப் போதுமான படி, 1954 முதல் வந்த 235. அதே குடும்பம், அதே முகம், பானட்டைத் திறந்தால் பழைய வண்டி பழைய வண்டியாகவே தெரியும். ஷெல் பேரிங், முழு அழுத்த எண்ணெய் ஓட்டம், 1954-லேயே 112 குதிரை. 1955-க்குப் பிந்திய எஞ்சினானால் வாட்டர் பம்ப்பின் இடமும் நீளமும் மாறும், ஃபேன் ரேடியேட்டரில் இடிக்காமலிருக்கப் பழைய பம்ப்பை அடாப்டர் பிளேட் வைத்துப் போடுவார்கள். இதோடு எஸ்-10 வண்டியின் டி-5 ஐந்து கியர் பெட்டியை பெல் ஹவுசிங்கில் சின்ன வேலை பார்த்துச் சேர்த்துவிட்டால் ஓவர் டிரைவ் கிடைக்கும்.

வேகப் பிரியர்கள் 1999 முதல் 2007 வரை சில்வராடோ பிக்கப்பில் வந்த 5.3 லிட்டர் வி-8 போடுவார்கள். ஜங்க் யார்டில் தாராளமாகக் கிடைக்கும், சுமார் 285 குதிரை, காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். வாங்கினால் எஞ்சின், 4எல்60இ கியர் பெட்டி, கம்ப்யூட்டர், ஒயரிங், ஆக்ஸிலேட்டர் பெடல் எல்லாவற்றையும் ஒரே வண்டியிலிருந்து மொத்தமாக எடுங்கள். அங்கொன்று இங்கொன்றாகச் சேர்த்தால் கம்ப்யூட்டர் ஒத்துழைக்காது. பழைய கார்புரேட்டர் பம்ப் நாலைந்து பிஎஸ்ஐதான் கொடுக்கும். இதற்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். அந்த அழுத்தத்தைப் பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலும் அந்த ரப்பரை அரித்துவிடும். தொட்டியிலிருந்து எஞ்சின் வரை குழாய் எல்லாம் புதிது. இதற்கெல்லாம் மனம் தயாரா என்று யோசியுங்கள். என்னைக் கேட்டால் சுவரில் ஒட்டிய தாளில் "ஐஸ்கிரீம் கடை" என்று எழுதியவருக்கு 5.3 தேவையில்லை.

8. கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவருடைய பங்காளிகள் அத்தனை பேரும் வருவது போலத்தான் புதுப் பாகமும். டி-5 பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் அரை டன் வண்டியில் 1954 வரை புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். டார்க் டியூப் என்பார்கள். டி-5-க்கு அது ஆகாது. எனவே குழாய் போகும், அதோடு பின் ஆக்ஸிலும் போகும். எஸ்-10 ஆக்ஸில் கொண்டுவந்தால் சக்கரத்துக்கு ஐந்து போல்ட், 4.75 அங்குல வட்டம். முன்னால் இருப்பதோ ஆறு போல்ட், 5.5 அங்குல வட்டம். இப்போது ஸ்டெப்னி எந்தச் சக்கரத்துக்கு? இரண்டு ஸ்டெப்னியா? ஸ்பீடாமீட்டரும் தவறாகக் காட்டும். ஆகவே ஒரு பாகத்துக்குக் காசு கொடுக்குமுன் அதன் பின்னால் வரும் பங்காளிகளை வரிசையாக எழுதிக் கூட்டிப் பாருங்கள். முன் டிஸ்க் வாங்கும்போதே பின் ஆக்ஸிலை முடிவு செய்துவிட்டால் நாலு சக்கரமும் ஒரே போல்ட் வட்டத்தில் வந்துவிடும்.

புதுப் பின் ஆக்ஸிலை ஸ்பிரிங்கில் உட்காரவைக்கும்போது கோணத்தைக் கவனியுங்கள். கியர் பெட்டியின் வெளிவாய்க் கோடும் டிஃபரன்ஷியல் பினியன் கோடும் இணையாக இருக்க வேண்டும். ஷாஃப்டோடு அவை சேரும் கோணம் ஒன்று முதல் மூன்று டிகிரிக்குள். வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இதை அளக்க வேண்டும். அளக்கும்வரை புள்ளி வெல்டிங் மட்டும். கோணம் தவறினால் 50 மைலில் தரை நடுங்கும், கிராஸ் ஜாயிண்ட் சீக்கிரம் போகும்.

9. பழைய ஒயரிங்கில் ஒரு முழம்கூட மிச்சம் வைக்காதீர்கள். துணி சுற்றிய ஒயர் வளைத்தாலே உதிரும். அந்த வண்டி 6 வோல்ட், இப்போது 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும். டைனமோ போய் ஆல்டர்னேட்டர், எல்லா பல்பும், ஹீட்டர் மோட்டாரும், பெட்ரோல் முள்ளுக்கு ஒரு ரெசிஸ்டரும். பழைய செல்ஃப் மோட்டார் 12 வோல்ட்டில் சுறுசுறுப்பாகவே சுற்றும், தொடர்ந்து பிடித்துச் சுற்றாமலிருந்தால் போதும். வைப்பர் எஞ்சின் வாக்குவத்தில் ஓடுவது. மழையில் மேட்டில் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் வைப்பர் தூங்கிவிடும். மின் மோட்டார் வைப்பருக்கு மாற்றுவது ஆடம்பரம் இல்லை.

புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டியில் வரும் மின்கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த் கோளாறு. சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங், உடம்புக்கு மூன்று பூச்சு, நடுவில் ரப்பர் புஷ். மின்சாரம் எந்த வழியாகத் திரும்பும்? பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கு, சேஸிஸிலிருந்து உடம்புக்கு என்று மூன்று பட்டைக் கம்பி போடுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டை வெறும் இரும்பு பளபளக்கும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துவிட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

10. தகரத்தில் கை வைக்குமுன் உடம்புக்குள் இரும்புச் சட்டம் கட்டிக்கொள்ளுங்கள். தரைச் சட்டத்தை அறுத்ததும் கூடு விரியும், பின்கதவு மறுபடி மூடாது. பக்கத் தகடு நீளமானது, தட்டையானது. ஒரே இடத்தில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் அலை அலையாக நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, கை வைத்துப் பார்த்து ஆறியபின் இடையில் இன்னொன்று. மணிக்கணக்கு ஆகும். ஆகட்டும்.

பெயிண்டுக்குமுன் வண்டி முழுவதையும் வெறும் தகரத்தில் ஒரு முறை கூட்டி, ஓட்டியும் பாருங்கள். ஸ்டியரிங் கம்பி சைலன்சரில் இடிப்பதையும், பிராக்கெட்டுக்கு இன்னொரு ஓட்டை வேண்டியிருப்பதையும் அப்போதே கண்டுபிடித்துவிடலாம்.

11. பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது மெதுவாகத் தேயுங்கள். அடியிலிருந்து எழுத்து வரும். அந்தக் காலத்தில் போர்டு எழுதுபவர்கள் தூரிகையால் எழுதிய கடைப் பெயர், மூன்று இலக்கப் போன் எண், ஊர்ப் பெயர். படம் எடுங்கள், மெல்லிய தாள் வைத்து அச்சு எடுங்கள். அந்த எழுத்தையே மறுபடி எழுதவைத்தால் அழகு. எழுத்து எதுவும் கிடைக்காவிட்டால் பக்கத்தை வெறுமனே விடுங்கள். இல்லாத ரொட்டிக் கடையின் பெயரை எழுதி, அதைப் பழையதுபோல் தேய்த்தும் வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது.

12. வண்டி வெளியே போகிற அன்று வரை தள்ளிப்போடப்படுகிற சாமான் சீட் பெல்ட். மெல்லிய தரைத் தகட்டில் ஓட்டை போட்டு மாட்டினால் இடியில் பிய்த்துக்கொண்டு வரும். கீழே கனத்த தகடு வைத்து மாட்டுங்கள். சரக்கு வைக்கும் இடத்தில் பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து ஊர்வலம் போகாதீர்கள். பக்கத்தில் ஜன்னல் இல்லாததால் பின்னால் நடப்பது தெரியாது. இரு பக்கமும் கண்ணாடி, பின்னால் கேமரா, இரண்டு பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், இவை கட்டாயம். கூடு காலியாக ஓடும்போது உள்ளே பேச முடியாத சத்தம். தகட்டின் நடுவில் கால்வாசிப் பரப்புக்கு பியூட்டைல் ஷீட் ஒட்டினாலே அதிர்வு அடங்கும், முழுக்க ஒட்டிக் கனத்தை ஏற்ற வேண்டாம்.

13. செலவு எவ்வளவு என்று வீட்டில் சொல்வதற்குமுன் நீங்கள் போட்ட கணக்கை இரண்டால் பெருக்குங்கள்.

14. ஒவ்வொரு பாகமும் எந்த ஆண்டு, எந்த வண்டியிலிருந்து வந்தது என்று நோட்டில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். வழியில் வாட்டர் பம்ப் போனால் கடைக்காரர் "என்ன வண்டி?" என்றுதான் கேட்பார். 1951 செவர்லே என்று சொன்னால் அவர் கொடுக்கும் எதுவும் பொருந்தாது. எஞ்சின் ஒன்று, பிரேக் ஒன்று, ஆக்ஸில் ஒன்று. நீங்கள் இல்லாதபோது வண்டியைத் திறக்கும் மெக்கானிக்குக்கும் அந்த நோட்டுதான் துணை. காப்பீடு எடுக்கும்போது அதே நோட்டையும் ரசீதுகளையும் காட்டி, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் வகைப் பாலிசி கேளுங்கள். சாதாரணப் பாலிசியில் இதைப் பழைய வண்டி என்று ஒன்றுமில்லாத விலைக்கு எழுதிவிடுவார்கள்.

முதல் 50 மைல் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். திரும்பி வந்ததும் சக்கர நட்டு, ஸ்பிரிங்கின் யு-போல்ட், ஸ்டியரிங் இணைப்பு எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். வண்டியின் அடியில் அட்டை விரித்து வைத்தால் எங்கே சொட்டுகிறதென்று காலையில் தெரியும். அது முடிந்தபின் எங்கே வேண்டுமானாலும் போங்கள். ரோட்டில் உப்புப் போடும் மாதங்களில் மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.